எழுதிப் பிழைப்பவர் எதைப் புரட்டுவது? – கேள்வி பதில்

மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. எந்தச் சந்தேகத்துக்கு எதைத் திறப்பேன் என்று கேட்டவர்களுக்கு, பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஒரே ஒரு அகராதிதான் வாங்க முடியும் என்றால் எது?

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2020இல் வந்த மூன்றாம் பதிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை (1924–36, ஆறு தொகுதி) வாங்கவே வேண்டாம்; சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்கு. ‘களேபரம்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் உடல், பிணம். இன்று “கூட்டத்தில் ஒரே களேபரம்” என்றால் யாருக்கும் பிணம் நினைவுக்கு வராது. பழம்பாட்டுக்கு உரை எழுதுகிறீர்களா, பேரகராதிக்குப் போங்கள். நாளை அச்சுக்குப் போகும் கட்டுரைக்கு க்ரியா. அதிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை விடாமல் படியுங்கள். பொருளைவிட அவைதான் எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கின்றன.

விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் காட்டலாமா?

வேண்டாம். அடியில் இருக்கும் மேற்கோள்களைப் பிடித்து மூலத்துக்குப் போங்கள். சுட்டி செத்திருந்தால் அந்த முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் பக்கத்தையும் அன்றைக்கே அங்கே சேமித்துவிடுங்கள். கட்டுரை வந்து எட்டு மாதம் கழித்து ஓர் எண்ணுக்கு என்னிடம் ஆதாரம் கேட்டார்கள், பக்கமே மறைந்திருந்தது. அசடு வழிய நின்றேன்.

ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேடினால் ஒன்றுமே வருவதில்லையே?

உங்களிடம் இருப்பது எழுத்தல்ல, படம். கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும், தமிழும் வரும். அப்புறம் படத்தோடு வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் கூடுதல் கவனம் தேவை. தும்பிக்கை வைத்த ‘லை’, ‘னை’, சுழித்த ‘றா’, ‘னா’ வரும் இடங்களில் இயந்திரம் தடுமாறும். சரிபார்க்காமல் மேற்கோளாகப் போட்டால் பழி உங்கள் தலையில்தான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் படம் என்றால் தாராளமாக எடுக்கலாம்தானே?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதி தரும் உரிமம். அந்த உரிமத்தின் பெயரில் ‘என்சி’ (NC) இருந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. காசு வாங்கிச் செய்யும் வேலையில் அதைத் தொடமாட்டேன். ‘என்டி’ (ND) என்றால் மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. வெறும் ‘பிஒய்’ (BY) என்றாலும் எடுத்தவர் பெயரும் உரிமச் சுட்டியும் போட்டாக வேண்டும்.

தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன் அக்கா. ஒப்பந்த மாதிரி எங்கே கிடைக்கும்?

மாதிரிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் இல்லாததுதான் நம்மைக் கவிழ்க்கும். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், எத்தனை நாளில் பணம் வரும், பாதியில் வேலை நின்றால் எவ்வளவு, பதிப்புரிமை யாருக்கு: இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் இன்னொன்று. சொல்லுக்கு இவ்வளவு என்று பேசும்போது எந்த மொழிச் சொல் என்று கேட்க நம்மில் பலருக்கு வாய் வராது. ‘வராதவர்களுக்காகவும்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருக்கும் பிரதி தமிழில் கணிசமாகக் குறைந்துவிடும். தமிழ்ச் சொல்லை எண்ணிப் பணம் தருவதாகச் சொன்னால், அந்தக் குறைவு உங்கள் கூலியிலிருந்துதான் போகிறது. என் முதல் இரண்டு வேலையில் அப்படித்தான் போனது, தெரியவே இல்லை.

ஆகவே, ‘மூலப் பிரதியின் சொற்கணக்குப்படி’ என்று எழுதி வாங்குங்கள். எந்த மென்பொருள் காட்டும் கணக்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று எண்ணிக்கை சற்று மாறும்.