கேப்சூல் காப்பி இயந்திரம்: குளுவாங் வட்டாரத்துக் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது இந்த இயந்திரத்தை வாங்கி வந்து அடுக்களையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் திரும்பிப் போன மறுநாளே எனக்கு அழைப்பு வருகிறது. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் கொதிகலனையும் பம்புகளையும் 22 வருடம் பார்த்துக்கொண்டவன் நான். இப்போது மலேசியாவின் ஜொகூரில், நம் குளுவாங் ஊருக்குள் வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்கிறேன். கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஒரு வரியிலும் பதில் சொல்லியிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: தொட்டியில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

ரெங்கத்திலிருந்து ஓர் அக்கா: தம்பி, கட்டைவிரல் அளவு டப்பாவிலிருந்து எப்படி நுரையோடு காப்பி வருகிறது? உள்ளே என்ன நடக்கிறது?

நல்ல கேள்வி அக்கா, இதிலிருந்தே தொடங்குகிறேன். ஆலையில் செம்பனைக் குலைகளை அவிக்க ஏறக்குறைய 3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் நீராவி விடுவோம். அந்தப் பெரிய கலனைப் பார்த்தவர்களுக்கு அழுத்தம் என்றால் என்னவென்று தெரியும். உங்கள் அடுக்களை மேசையில் இருப்பதும் அழுத்தத்தை நம்பிய சாதனம்தான். ஆனால் இதில் வேலை செய்வது நீராவி அல்ல, சுடுநீர். அழுத்தம் அந்தக் கலனில் இருப்பதைப்போல மூன்று மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல்.

பொத்தானை அமுக்கியதும் பம்பு தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. அது உள்ளங்கையில் அடங்கும் பம்பு. செம்புக் கம்பிச் சுருளுக்குள் ஓர் இரும்புத் தண்டு, அதைத் திருப்பித் தள்ள ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் தண்டும் நொடிக்கு 50 முறை உதைக்கிறது. 'டர்ர்' என்று கேட்பது அந்தச் சத்தம். அங்கிருந்து தண்ணீர் சூடேற்றும் கட்டிக்குப் போகிறது. உலோகக் கட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் ஒரு குழாய், கூடவே மின்கம்பி. ஒரு கோப்பைக்கு வேண்டிய தண்ணீர் மட்டும் போகிற போக்கிலேயே சூடாகிறது. கொதிகலன் போல லிட்டர் கணக்கில் காய வைக்க வேண்டியதில்லை. அதனால்தான் அரை நிமிடத்தில் தயார் என்று விளக்கு எரிகிறது.

இனி கேப்சூல், அதாவது நீங்கள் சொன்ன அந்தச் சிறு டப்பா. கைப்பிடியை இறக்கும்போது அதன் குறுகிய பக்கத்தில் சிறிய பற்கள் குத்தித் துளை போடுகின்றன. அகன்ற பக்கத்தின் மெல்லிய தகட்டை அப்போது எதுவும் குத்துவதில்லை. அது மேடும் பள்ளமுமான ஒரு தட்டின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். சுடுநீர் உள்ளே நிறைந்து அழுத்தம் ஏற ஏற, தகடு அந்த மேடுகளில் அழுந்திக் கிழிகிறது. போதிய அழுத்தம் வரும்வரை கதவு திறக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தனியாக ஒரு வால்வு வைக்காமல் கேப்சூலின் தகட்டையே வால்வாக்கி விட்டார்கள்.

நுரைக்குக் காரணம், வறுத்த காப்பிக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு. அழுத்தத்தில் அது நீரில் கரைந்து, கோப்பையில் விழும்போது வெளியேறி, காப்பி எண்ணெயோடு சேர்ந்து பொன்னிற நுரையாகிறது. காற்றுப் பட்ட பழைய தூளில் இந்த வாயு இருக்காது. அலுமினியக் கேப்சூலில் காற்றும் ஈரமும் வெளிச்சமும் புகாதபடி அடைத்திருப்பதால் மாதக்கணக்கில் தங்குகிறது.

சுவிட்சர்லாந்தில் நெஸ்லேயில் பொறியாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் 1976இல் காப்புரிமை பெற்ற முறை இது. நெஸ்பிரெஸ்ஸோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது 1986இல்.

பாலோ தம்பி: என்னுடையது 19 பார், நண்பனுடையது 15 பார். என்னுடைய காப்பிதானே உசத்தி?

இல்லை தம்பி. பெட்டியில் போட்டிருப்பது, வழியை முழுக்க அடைத்தால் பம்பு எட்டக்கூடிய உச்ச அழுத்தம். தண்ணீர் ஓடத் தொடங்கினால் அது இறங்கிவிடும். எஸ்பிரெஸ்ஸோ என்ற கெட்டிக் காப்பிக்கு, தூளின்மேல் ஏறத்தாழ 9 பார் இருந்தால் போதும் என்பதுதான் கடைகளில் பல்லாண்டுகளாக உள்ள கணக்கு. மணிக்கு 220 கிலோமீட்டர் என்று மீட்டரில் போட்டிருந்தால், ரெங்கம் ரோட்டில் அந்த வேகத்திலா போகிறோம்?

பெயர் வேண்டாம் என்றவர்: சீக்கிரம் ஆகட்டும் என்று தொட்டியில் கொதிநீர் ஊற்றலாமா?

கூடாது. தொட்டி பிளாஸ்டிக். பம்பும் குளிர்ந்த நீருக்காகச் செய்தது.

குளுவாங், ஓர் அம்மா: மகன் ஜப்பானிலிருந்து கொண்டு வந்தான். பிளக் மாட்டும் தலையை மாற்றினால் போதுமா?

போதாது அம்மா, சொருகவே வேண்டாம். ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 240 வரை. மாட்டிய கணமே உள்ளே கருகிவிடும். சிங்கப்பூரில் வாங்கியது என்றால் கவலையில்லை, அங்கும் நம்மைப் போலவேதான், பிளக்கும் அதே மூன்று கால். ஆனால் சோற்றுப் பானை மாட்டிய எக்ஸ்டென்ஷனிலேயே இதையும் மாட்டாதீர்கள். இது 1200 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

லாயாங் லாயாங் தம்பி: எல்லாக் கேப்சூலும் எல்லா மெஷினிலும் போகுமா?

போகாது. டோல்சே குஸ்டோ என்ற இன்னொரு வகை மெஷினின் பெரிய பிளாஸ்டிக் கேப்சூல் நெஸ்பிரெஸ்ஸோவில் நுழையாது. நெஸ்பிரெஸ்ஸோவுக்குள்ளேயே இரண்டு குடும்பம் இருக்கிறது. பழைய வகைக்கு வேறு நிறுவனங்களும் கேப்சூல் செய்கின்றன. 2014இல் வந்த வெர்ச்சுவோ அழுத்திப் பிழிவதில்லை. கேப்சூலை நிமிடத்துக்கு 7000 சுற்று வரை சுழற்றி, மையவிலக்கு விசையால் காப்பியை இறக்குகிறது. விளிம்பில் உள்ள கோட்டுக் குறியைப் படித்துத்தான் எவ்வளவு தண்ணீர், என்ன வேகம் என்று முடிவு செய்யும். குறி இல்லாத கேப்சூலை வைத்தால் அசையாது. ஆக, முதலில் மாடல் பெயர், அப்புறம் கேப்சூல்.

குளுவாங், லாரி ஓட்டும் அண்ணன்: ஒரு கேப்சூல் 2 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்குகிறேன். கட்டுப்படியாகுமா?

கேப்சூலில் ஐந்திலிருந்து ஆறு கிராம் தூள் இருக்கும். ஐந்து என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு 200 கேப்சூல், அதாவது கிலோ 400 வெள்ளி. நீங்கள் விலை கொடுப்பது தூளுக்கு மட்டுமல்ல, அரைக்கவும் கழுவவும் வேண்டாத வசதிக்கும் சேர்த்து. விடியற்காலை நாலு மணிக்கு லாரி எடுக்கும் உங்களுக்கு அந்த வசதி பெரிது. வீட்டில் ஐந்தாறு பேர் குடிப்பதென்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சிம்பாங் ரெங்கம், ஓர் அக்கா: மெஷினுக்குள் எறும்பு. குட்டிக் கரப்பான்கூட வருகிறது.

நான் திறந்து பார்க்கும் இயந்திரங்களில் பாதியின் கதை இது. உள்ளே கதகதப்பு, ஈரம், இருட்டு. கரப்பானுக்கு வேறென்ன வேண்டும்? பயன்படுத்திய கேப்சூல் விழும் பெட்டியை இரவு படுக்கும் முன் கொட்டிக் கழுவுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரையும் கொட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பூச்சி மருந்தை மட்டும் அடிக்காதீர்கள் அக்கா, அதே வழியாகத்தான் நீங்கள் குடிக்கும் நீரும் போகிறது. கால்களைச் சுற்றிப் பூச்சி ஒட்டும் அட்டை வைக்கலாம். அப்புறம் அந்தக் காப்பிச் சக்கையை வீணாக்காமல் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுங்கள்.

சிம்பாங் ரெங்கம், கடை வைத்திருப்பவர்: திரும்பத் திரும்ப நிரப்பும் எஃகுக் கேப்சூல் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறார்கள். நம் கோப்பித் தூளை அதில் போடலாமா?

நம் கோப்பித் தூளைப் போட வேண்டாம். கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத நம் கடைக் கறுப்புக் காப்பி, அதன் தூளைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். கருகிய சர்க்கரை சுடுநீர் பட்டதும் பாகாகி, ஊசித் துளை அளவு வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். ஒன்றும் சேர்க்காமல் வறுத்த கொட்டையை நைசாக அரைத்து, ஐந்து கிராம் போட்டு, மட்டமாக அழுத்தி மூடினால் ஓரளவு நன்றாகவே வரும்.

இதற்குப் பதில் எழுதியதும் சண்டை மூண்டுவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதினார்: "அப்படியானால் கோப்பி ஓ என்பது காப்பியே இல்லை, சர்க்கரைக் கருகல்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்." கோப்பிக்கடையில் 30 வருடம் துணி வடிகட்டி பிடித்த பெரியவர் ஒருவர் திருப்பிக் கொடுத்தார்: "பொத்தானை அமுக்குறவன் எல்லாம் காப்பிக்காரனா? நுரை வந்தா காப்பியா?"

இரண்டு பேருக்கும் சொல்கிறேன். ஐயா, கோப்பி ஓவைக் குறைத்து நான் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தூளுக்கு ஏற்ற கருவி துணி வடிகட்டி. உயரத்திலிருந்து ஊற்றி இழுக்கும் கை வேண்டும், அதற்கு இயந்திரம் ஈடாகாது. ஆசிரியர் ஐயா, இத்தாலியில் அக்கீலே காஜ்ஜியா நீராவியை விட்டுவிட்டு அழுத்தத்தால் காப்பி இறக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டது 1938இல். நம் குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடை தொடங்கியதும் அதே 1938தான். இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்றை உயர்த்த இன்னொன்றை ஏன் தாழ்த்த வேண்டும்?

அத்தோடு நின்றிருக்கும். இடையில் பாலோவிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "நமக்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்? நம் ஆட்கள் பால்மரம் (ரப்பர்) வெட்ட வந்தவர்கள்தானே?"

தம்பி, இது தெரியாமல் போகக் கூடாது. பால்மரத்துக்கு முன்னால் இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் இலங்கையில் இலைத் துருநோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின. துரைமார் சிலர் அங்கிருந்து மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் பக்கம் லிபெரிக்கா என்ற வகைக் காப்பி போட்டார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். 1890களில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்த பிறகுதான் காப்பியை விட்டுப் பால்மரத்துக்கு மாறினார்கள். அப்புறம் பால்மரம் போய்ச் செம்பனை வந்த கதை நம் கண்ணெதிரே நடந்தது. அந்த லிபெரிக்கா இன்றும் நம் ஜொகூரில் விளைகிறது. பெரிய மரம், பெரிய கொட்டை, வறுத்தால் பலாப்பழ வாசம். கடைக்காரரே, எஃகுக் கேப்சூலில் ஏதாவது போட்டே தீர வேண்டுமென்றால், எதுவும் சேர்க்காமல் வறுத்த லிபெரிக்காவைப் போட்டுப் பாருங்கள். போன மாதம் என் வீட்டில் போட்டேன். அந்த வாசம் வீடு முழுக்க நின்றது.

குளுவாங் தம்பி: எதில் தூக்கம் அதிகம் கலையும்?

ரொபஸ்டா, அராபிக்கா என்று காப்பியில் வகைகள் உண்டு. தூக்கத்தைக் கலைக்கும் காஃபின் ரொபஸ்டா கொட்டையில் அராபிக்காவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேப்சூல் அட்டையில் கலவை எழுதியிருக்கும், படியுங்கள்.

ஓர் அக்கா: நேராகப் பால் காப்பி வர, தொட்டியில் பாலை ஊற்றினால் என்ன?

தொடக்கத்தில் மனதில் வைக்கச் சொன்னதை மறுபடி படியுங்கள் அக்கா.

இன்னொருவர்: இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்ட தண்ணீர் என்றால்?

அதுவும் தண்ணீர் இல்லை. ஏலக்காயைக் கோப்பையில் போடுங்கள். டின் பாலும் அப்படித்தான்: கோப்பையின் அடியில் இரண்டு கரண்டி விட்டு, அதன்மேல் காப்பியை இறக்குங்கள். அருமையாக இருக்கும்.

ரெங்கம் தம்பி: பெரிய கோப்பை நிறையும்வரை ஒரே கேப்சூலில் தண்ணீர் விடுகிறேன், கசக்கிறது.

ஐந்து கிராம் தூளில் 40 மில்லி இறக்கச் செய்த கேப்சூல் அது. பெரிய கோப்பைக்கான லுங்கோ வகையே 110 மில்லிதான். அதற்குமேல் விட்டால் சக்கையின் கசப்புதான் இறங்கும். 40 மில்லியில் நிறுத்திவிட்டு, கோப்பையில் தனியாகச் சுடுநீர் சேருங்கள். பல மாடல்களில் பொத்தானை அமுக்கியபடியே பிடித்து, வேண்டிய அளவில் விட்டால் அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும்.

மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டது: உப்புப் படிவு எடுக்க வினிகர் ஊற்றலாமா?

மூவருக்கும் ஒரே பதில்: வேண்டாம். ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், வாசமும் போகாது. அதற்கென்று விற்கும் கரைசலைக் கையேட்டில் சொன்ன அளவில் கலந்து ஓடவிட்டு, பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் ஓட விடுங்கள். தண்ணீர் மட்டும் என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. குழாயில் தண்ணீர் தடைப்பட்டுத் திரும்பி வரும் நாளில் கலங்கல் வரும் பாருங்கள், அதை ஒருபோதும் தொட்டியில் பிடிக்காதீர்கள்.

லாயாங் லாயாங், ஓர் அம்மா: வீட்டுக்காரர் வாங்கியது. அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது, யாரும் தொடவில்லை. போன வாரம் போட்டேன், சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் வரவில்லை. தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம் அம்மா. சத்தம் வருகிறதென்றால் பம்பு உயிரோடு இருக்கிறது. காய்ந்து கிடந்த குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தொட்டியை நன்றாகக் கழுவி நிரப்புங்கள். கேப்சூல் வைக்காமல், பெரிய கோப்பைப் பொத்தானை அமுக்குங்கள். வரவில்லையென்றால் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. மூன்று நான்கு முறையில் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். வந்த முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குடிக்காதீர்கள். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். புதன்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். ஊசிக் குழலும் புது ரப்பர் வளையமும் கொண்டு வருகிறேன். தொட்டியில் தண்ணீர் மட்டும் நிரப்பி வையுங்கள்.