கப்பலிலிருந்து இறங்கி ஏழு மாதம், லைசென்ஸ் இன்னும் வரவில்லை: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பி மூன்று வருடம் நாட்டிகல் சயின்ஸ் (கப்பல் செலுத்தும் படிப்பு) படித்து, கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, ஒரு வருடம் கப்பலில் இருந்துவிட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. கப்பலில் அதிகாரியாக வேலை பார்ப்பதற்கான லைசென்ஸ், அதாவது செகண்ட் மேட் சான்றிதழ், இன்னும் கைக்கு வரவில்லை. கல்விக்கடன் வட்டி ஏறுகிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் "பையன் எப்ப மறுபடி கப்பல் ஏறுறான்?" என்று கேட்கிறார்கள். ஊரில் ஒருவர் பணம் கொடுத்தால் ஒரே மாதத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போகாதீர்கள் அம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் ஏழு மாதம் என்பது பயப்பட வேண்டிய தாமதம் இல்லை. கப்பலை விட்டு இறங்கியவுடன் போய்த் தேர்வு எழுதிவிட முடியாது. முதலில் கடல் சேவைக் கணக்கை அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும். செகண்ட் மேட் தேர்வுக்கான வகுப்பு இருக்கிறது. உயர்நிலைத் தீயணைப்பு, ரேடார், முதலுதவி என்று தனித்தனி கோர்ஸ்கள் இருக்கின்றன. கப்பல் ரேடியோவுக்கான ஜிஎம்டிஎஸ்எஸ் உரிமத்தைக் கப்பல் துறை தருவதில்லை, அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் தனித் தேர்வு. இவற்றோடு எழுத்துத் தேர்வும், எம்எம்டி எனப்படும் கப்பல் துறையின் கிளை அலுவலகத்தில் சர்வேயர் என்ற அதிகாரி முன்னால் வாய்மொழித் தேர்வும் இருக்கின்றன. ஒரு பாடத்தில் தவறினாலும் சில மாதங்கள் கூடிவிடும். ஆக, ஒரு வருடம் வரை ஆவது சகஜம். அட்மிஷன் சமயத்தில் பெற்றோரிடம் இதை யாரும் விளக்குவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. பையன் இறங்கிய மறுமாதமே ஆபீசர் சம்பளம் வரும் என்று எண்ணித்தானே நீங்கள் கடன் கணக்குப் போட்டிருப்பீர்கள்!

எனவே "லைசென்ஸ் வரவில்லை" என்று மொத்தமாகக் கவலைப்படுவதை விட்டு, எந்தப் படியில் நிற்கிறது என்று தம்பியிடம் கேளுங்கள். வகுப்பிலும் தேர்விலும் நேரம் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் சிக்கியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

நான் பார்த்தவரை நம் பிள்ளைகளுக்குக் காகிதச் சிக்கல் பெரும்பாலும் இனிஷியலில்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் ப." என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "கார்த்திக் பழனிச்சாமி" ஆகியிருக்கும். இண்டோஸ் எண்ணில் (மாலுமிகளின் தேசியப் பதிவு எண்) ஒரு மாதிரி, சிடிசியில் (மாலுமியின் கடல் சேவைப் புத்தகம்) இன்னொரு மாதிரி. கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். ராமநாதபுரம் பக்கத்து மாணவர் ஒருவர் இந்த ஓர் எழுத்துக்காகவே பிரமாணப் பத்திரமும் கையுமாக மாதக்கணக்கில் அலைந்தார். தம்பியின் பாஸ்போர்ட், இண்டோஸ், சிடிசி, பத்தாம் வகுப்புப் பட்டியல் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது கடல் சேவை. எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி பெற்ற கேடட்டுக்குக் குறைந்தது 12 மாதக் கடல் சேவை வேண்டும். அதில் 6 மாதமாவது அதிகாரியின் மேற்பார்வையில், கப்பலை இயக்கும் மேல்தளமான பிரிட்ஜில் வாட்ச் (காவல் முறை) பார்த்திருக்க வேண்டும். இதற்கு ஆதாரம் பயிற்சிப் பதிவேடு, கேப்டன் கையெழுத்திட்ட சான்று, சிடிசியில் உள்ள ஏறிய, இறங்கிய தேதிகள். நிறுவனம் கப்பல் துறை இணையதளத்தில் பதிவேற்றிய தேதியும் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். நாள் குறைந்தாலோ பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போனாலோ கோப்பு நின்றுவிடும். கையெழுத்திட வேண்டிய கேப்டன் அதற்குள் வேறொரு கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருப்பார். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதித் திருத்தம் கேட்பதைத் தம்பி தள்ளிப்போடக் கூடாது.

சீர்திருத்தம் வந்துவிட்டது என்கிறார்களே, அப்புறம் ஏன் தாமதம் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. முன்பு சிடிசிக்கே கவுன்டரில் வரிசை நிற்க வேண்டியிருந்தது. இப்போது ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். 2019-ல் பயோமெட்ரிக் மாலுமி அடையாள அட்டை வந்தது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள்தான். ஆனால் ஆன்லைன் ஆனது விண்ணப்பம் போடும் வேலை. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு சர்வேயர் நேரில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்த இடத்தில் ஆள் கூடாமல் வரிசை குறையாது என்பது என் கருத்து. அதே சமயம், தேர்வைச் சுருக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். நள்ளிரவில் பிரிட்ஜில் தம்பி தனிப்பொறுப்பில் வாட்ச் பார்க்கப் போகிறான், கீழே இருபது பேர் அவனை நம்பித் தூங்குவார்கள்.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயம். மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்குவது சட்டப்படி குற்றம். கப்பலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் என்ற ஆள் சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். கப்பல் துறை இணையதளத்தில் அந்த உரிம எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பணத்துக்கு வாங்கிய சான்றிதழ் போலி என்று ஏதாவது ஒரு துறைமுகச் சோதனையில் தெரிந்தால், தம்பி வெளிநாட்டில் மாட்டிக்கொள்வான். இத்தனை வருடப் படிப்பும் வீணாகும்.

வங்கி மேலாளரை நேரில் பார்த்து, சான்றிதழ் நடைமுறை இன்னும் முடியவில்லை என்று காகிதங்களோடு விளக்கி, தவணை தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட் காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள். மருத்துவச் சான்று இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால், அது முடிகிற தேதியையும் குறித்துவையுங்கள். தம்பி எந்தப் படியில் நிற்கிறான் என்று அவன் கையாலேயே எழுதி, அந்த நான்கு காகிதங்களின் நகலோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்த்துவிட்டு நானே அவனோடு பேசுகிறேன்.