அந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி

எட்டு மாதம் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிறார்கள், 300 டொலரைக் காட்டி ஒரு கடுதாசியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், மனைவியும் பிரிந்துவிட்டார், பிள்ளை யாரிடம் போகும், ரொறன்ரோ ஸ்காபரோவில் அறை வாடகை என்ன என்று கேட்டிருந்தீர்கள். வாடகையை விடுங்கோ, அதை யாரும் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் போடாதீர்கள்.

நான் 1998 பெப்ரவரியில் ரொறன்ரோ வந்து, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளி எங்கள் ஊர்க்காரர். கிழமைக்கு 60 மணித்தியாலம், எல்லாத்துக்கும் ஒரே கூலி, கைக்காசு. நிறுத்திய அன்று தொட்டியடியிலேயே கடுதாசியை நீட்டினார். ஈரக்கையால் பிடித்ததில் என் பெயரின் மை பரவிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஆங்கில வகுப்பு ஆசிரியை அதன் பிரதியை வாசித்துச் சொன்னபோதுதான், சம்பளப் பாக்கி, விடுமுறைக் காசு எல்லாம் வாங்கிவிட்டதாக நானே எழுதிக் கொடுத்திருப்பது தெரிந்தது. "ஊரவன்" என்று நம்புகிறவனிடம்தான் இப்படி எழுதி வாங்குகிறார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கனடாவின் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் எட்டு மாதம் வேலை செய்தவரை நிறுத்த ஒரு கிழமைக்கு முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரு கிழமைச் சம்பளம் தர வேண்டும். கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. விடுமுறைச் சம்பளம், உழைத்த சம்பளத்தில் நூற்றுக்கு 4. இந்தக் குறைந்தபட்சத்தை எந்தக் கையெழுத்தாலும் பறிக்க முடியாது, ஆனால் அதற்கு மேல் நீதிமன்றத்தில் கேட்டால் கிடைக்கக்கூடியது கையெழுத்தோடு போய்விடலாம். தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு கொடுக்கக் காசும் தேவையில்லை, லோயரும் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் சரி. "வாய் திறந்தால் உன் அகதிக் கேஸ் கெட்டுவிடும்" என்று பழைய ஆட்கள் சிலர் பயமுறுத்துவார்கள். வேலை அனுமதியோடு உழைத்தவர் தன் கூலியைக் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. இப்போது நான் எங்கள் தொழிற்சாலையில் யூனியன் பிரதிநிதி, புதிதாக வரும் பொடியன்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன்.

பிள்ளை விஷயத்தை நல்ல குடும்ப லோயரிடம் விடுங்கள், வசதி இல்லையென்றால் லீகல் எய்டு என்ற சட்ட உதவிக்கு விண்ணப்பியுங்கள். தாய்க்குத்தான் பிள்ளை என்று சட்டம் எதுவும் இங்கே இல்லை. பிள்ளையின் நலன்தான் கணக்கு, இதுவரை யார் சாப்பாடு கொடுத்தார், யார் பள்ளிக்கூடம் கூட்டிப் போனார் என்றெல்லாம் பார்ப்பார்கள். பிள்ளைச் செலவுக்குக் காசு தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் வைக்கவும் கூடாது. அப்புறம், கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறிவிடாதீர்கள், பெற்ற தகப்பனே ஆனாலும் அது இங்கே குற்றவழக்காகலாம்.

வேலை செய்த நேரங்களை எங்கேயாவது குறித்திருக்கிறீர்களா? நான் கலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்தேன், அது இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. நீங்கள் குறிக்கவில்லையென்றால் இன்றிரவே உட்கார்ந்து, எந்த நாள் எத்தனை மணிக்குக் கடை திறந்தீர்கள், கூட யார் நின்றார் என்று நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடுதாசியை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.