சர்க்கரை இல்லாதவருக்கும் கறுப்புப் பூஞ்சை வருமா?

கேள்வி: பல்லாவரத்தில் பைக் விபத்து. தம்பிக்கு வயது 26, சர்க்கரை இல்லை, கொரோனாவும் வந்ததில்லை. தொடைக் காயம் ஐந்தாம் நாளே கறுத்துவிட்டது, மியூக்கராக (கறுப்புப் பூஞ்சை) இருக்கலாம் என்கிறார்கள். நல்ல உடம்புக்காரனுக்கு இது எப்படி வரும்?

வரும். 2021-க்குப் பிறகு மியூக்கர் என்றாலே சர்க்கரை, ஸ்டீராய்டு, கொரோனா என்று பேசிப் பழகிவிட்டோம். உங்கள் தம்பி விஷயத்தில் ஆபத்து அவர் உடம்பில் இல்லை, காயத்துக்குள் புகுந்த மண்ணில் இருக்கிறது. மியூக்கரில் அபோஃபைசோமைசிஸ் என்றொரு வகை. 1979-இல் வட இந்திய மாந்தோப்பு மண்ணிலிருந்துதான் முதலில் விவரிக்கப்பட்டது. 2011-இல் அமெரிக்காவின் ஜோப்ளின் நகரைச் சூறாவளி தாக்கியபோது காயம்பட்டவர்களில் 13 பேருக்கு இது வந்தது, 5 பேர் இறந்தார்கள். அந்த 13 பேரில் எதிர்ப்புச் சக்தி குலைந்தவர் ஒருவரும் இல்லை.

‘காயம் கறுத்தால் பாக்டீரியாவாக இருக்கும், ரத்த ஓட்டம் நின்றிருக்கும், பயமுறுத்தாதீர்கள்’ என்று யாராவது கீழே எழுதலாம். பெரும்பாலும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் போட்ட பிறகும் கறுப்பு விளிம்பு நாளுக்கு நாள் நகர்ந்தால், பூஞ்சையைத் தேடாமல் விடக்கூடாது. இரண்டும் ஒரே காயத்தில் சேர்ந்தே இருக்கவும் முடியும்.

அடுத்த முறை காயத்தைச் சுத்தம் செய்யும்போது சதை எடுப்பார்கள் அல்லவா, அங்கேதான் கவனம் வேண்டும். பஞ்சுக்குச்சியால் மேலே துடைத்தெடுப்பது போதாது. செத்த சதையும் உயிருள்ள சதையும் சேரும் விளிம்பிலிருந்து ஆழமான துண்டு வேண்டும், அதுவும் இரண்டு டப்பாவில். ஒன்று ஃபார்மலினில் (சதை அழுகாமல் காக்கும் திரவம்), சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் பெத்தாலஜிக்கு. இன்னொன்று கிருமி நீக்கிய டப்பாவில், காய்ந்துபோகாத அளவுக்குச் சில சொட்டு சலைன் விட்டு, கிருமியை ஆராயும் மைக்ரோபயாலஜிக்கு. முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், கல்ச்சருக்கு, அதாவது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க, வழியே இல்லை. இந்தத் தவறு சலிக்காமல் நடக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காமல் உடனே ஆய்வகத்துக்குப் போகட்டும். படிவத்தில் ‘மியூக்கர் சந்தேகம், திசுவை அரைக்க வேண்டாம்’ என்று எழுதச் சொல்லுங்கள். பூஞ்சை நூல் போன்ற இழைகளாக வளரும்; மியூக்கர் இழையில் குறுக்குச் சுவர்கள் அரிது. அரைத்தால் இழை நொறுங்கி உள்ளிருப்பது வெளியேறிவிடும், பிறகு வளராது. சின்னத் துண்டுகளாக நறுக்கினால் போதும்.

கே.ஓ.எச் ஸ்மியர் (சதையைக் காரக் கரைசலில் கரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிவு அன்றைக்கே தெரியும்: அகலமான, நாடா போன்ற, ஏறத்தாழ செங்கோணத்தில் கிளைக்கும் இழைகள். கல்ச்சரில் இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் பஞ்சு போல வளரும். வழக்கமான கல்ச்சர் தட்டில் அபோஃபைசோமைசிஸ் வித்து விடாது, அதனால் வகை சொல்ல முடியாமல் நிற்கும். வளர்ந்ததில் ஒரு துண்டை வெட்டி, துளி ஈஸ்ட் சாறு கலந்த நீர் அகாரில் (சத்து குறைந்த வளர்ப்புக் கூழ்) 37 டிகிரியில் ஒரு வாரமாவது வைத்தால்தான் வித்து வரும். பீட்டா டி குளுக்கன், கேலக்டோமேனன் என்ற பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் நெகட்டிவ் என்றால் மியூக்கர் இல்லை என்று அர்த்தமில்லை. இந்தப் பூஞ்சையை அவை காட்டாது.

மருந்து கல்ச்சருக்காகக் காத்திருக்கக் கூடாது. வழக்கமாகத் தொடங்குவது லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி ஊசி, கிலோவுக்கு 5 மி.கி.; 60 கிலோ உடம்புக்கு நாளைக்கு 300 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பி ஆறு. 5% டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும், சலைன் பட்டால் திரிந்துவிடும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரக அளவீடு), பொட்டாசியம், மெக்னீசியம் அடிக்கடி பார்க்க வேண்டும். வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து இதற்கு வேலை செய்யாது. எந்த மருந்தானாலும், செத்த சதையை வெட்டி எடுக்காமல் பலனில்லை. அங்கே ரத்தமே போகாதபோது மருந்து எப்படிப் போகும்? மறுபடியும் மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனால் பதறாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ‘கறுப்புப் பூஞ்சை’ என்ற பெயரே தப்பு. கறுப்பது சதை. இந்தப் பெயரால்தான் வெங்காயத் தோலில் இருக்கும் கறுப்பைக் காட்டி வாட்ஸ்அப்பில் பீதி கிளப்பினார்கள். அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், வேறு பூஞ்சை. கழுவி உரித்தால் போய்விடும்.

இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தம்பிக்கு ஊட்டிவிடலாம்.