விலாங்குக்கு ஆழ்கடலில் ஒரு சொந்தம்: சேலம் வாசகர் கேள்விகள், விலங்கியல் ஆசிரியர் பதில்கள்

அம்மாபேட்டை: சார், டிவியில் நூல் மாதிரி ஒரு மீன் காட்டினார்கள். வாயை மூடவே இல்லை. பாம்பா?

மீன்தான் தம்பி, ஆழ்கடல் விலாங்கு. குடும்பப் பெயர் நெமிக்தைடே. கிரேக்கத்தில் ‘நூல்மீன்’ என்று பொருள்படும். தாடை உள்ளான் குருவியின் அலகு போல நீண்டு, நுனியில் மேலொன்றும் கீழொன்றுமாக விலகி வளைந்திருக்கும். மூட முடியாது. உள்ளே பொடிப் பற்கள். இறாலின் மீசை அதில் சிக்கினால் போச்சு என்கிறார்கள். சில வகைகளில் முதுகெலும்புக் கணுக்கள் 700-க்கும் மேல், ஆசனவாய் தொண்டைக்கடியில்!

ஆத்தூர்: எத்தனை வகை?

3 பேரினம், 9 சிற்றினம். இதில் ஒரு கூத்து. ஆண்மீன் பருவமடைந்ததும் பற்கள் உதிர்ந்து அலகு சுருங்கிவிடும். அதைத் தனியாகப் பார்த்த பழைய ஆய்வாளர்கள் வேறு பேரினம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மீசையை எடுத்துவிட்டு வந்த மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்தியது போல!

ஏற்காடு: எவ்வளவு ஆழத்தில் இருக்கும்?

பெரும்பாலும் 300 முதல் 600 மீட்டரில். உங்கள் ஊர் உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். மலையைக் கடலுக்குள் கவிழ்த்தால், பாதி தூரம் இறங்குவதற்குள் பார்த்துவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டை: நாங்கள் குழம்பு வைக்கும் ஆரலும் இந்தச் சாதியா?

இல்லைம்மா. கழுவும்போது முதுகில் கட்டைவிரலை வாலிலிருந்து தலைப்பக்கம் ஓட்டிப் பாருங்கள், வரிசையாக முள் குத்தும். விலாங்குக்கு அது கிடையாது. ஆரல் வேறு வரிசை, உருவம்தான் ஒன்று.

கொளத்தூர்: அப்போது காவிரி விலாங்கு?

இதற்காகத்தான் காத்திருந்தேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்பார்களே, அதன் உறவுமுறையும் அப்படித்தான். 2010-இல் 56 சிற்றினங்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். ஆற்று விலாங்குக்குக் கிட்டத்துச் சொந்தம் கரையோரப் பாறை விலாங்கு இல்லை; இந்த நூல்மீனும், பை போல வாய் திறக்கும் பெருவாய் விலாங்கும்தான்! அதனால்தானோ என்னவோ, ஆற்றில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்கே போகிறது. குஞ்சும் நூல்மீன் குஞ்சைப் போலவே கண்ணாடி இலையாகத்தான் மிதக்கும்.

மேட்டூர்: அணையைத் தாண்டி அந்தக் குஞ்சு வருமா சார்?

இலை வடிவம் மாறி விலாங்கு உருவம் வந்த பிறகு, ஈரப் பாறையில் ஊர்ந்து ஏறக்கூடியதுதான். ஆனால் 1934-இல் கட்டி முடித்த நம் அணைச் சுவர் பாறை இல்லையே!