ஒழுகும் வீடும் ஆத்தங்குடிக் கல்லும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, வீட்டுக் கேள்வி. பொறுத்துக்கொள்ளவும்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா 1920களில் கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை, கிணறு. கடைசியாக அத்தை மட்டும் அங்கே இருந்தார். அவர் போன பிறகு பூட்டியே கிடக்கிறது. 2018 கஜா புயலில் பாதி ஓடு பறந்துவிட்டது. தார்ப்பாய் போட்டோம், ஒரு மழைக்காலம்கூட நிற்கவில்லை. இப்போது தாழ்வாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. கொல்லைச் சுவரில் அரசங்கன்று. உள்ளே சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி ஓதம். அந்தச் சுவருக்கு அப்பா சிமெண்ட் பூசியிருந்தார், அதுவும் உப்பி விழுகிறது.

உள்ளூர் என்ஜினியர், "இதுக்குப் போடுற காசுல புதுசாவே கட்டிடலாம் சார்" என்கிறார். சென்னை ஆர்க்கிடெக்ட் ஒருவர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். தரை முழுக்க ஆத்தங்குடி டைல்ஸ், காரைக்குடியில் வாங்கிய தேக்குத் தூண்கள், பூச்சை உரித்துச் செங்கல் தெரிகிற சுவர், முற்றத்துக்கு மேலே கண்ணாடி. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் அது எங்கள் வீடு மாதிரி இல்லை. பங்கு நான்கு பேருக்கு. மற்ற மூவரும் "நீ என்ன வேணா பண்ணிக்கோ" என்கிறார்கள். பழமை கெடாமல் புதுப்பிப்பது என்றால் என்ன? எங்கே ஆரம்பிப்பது?

ரா., ஓசூர்

*

அன்புள்ள ரா.,

நான் கட்டடம் படித்தவன் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்ததையும், ஒன்றிரண்டு பிழைத்து நிமிர்ந்ததையும் கூட நின்று பார்த்தவன். அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில்.

"அது எங்கள் வீடு மாதிரி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். உங்கள் வீட்டை யாரும் பழைய வீடாக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே பழைய வீடு. ஒழுகுகிறது, அவ்வளவுதான். ஒழுகலை நிறுத்துகிற வேலையும் பழமையைக் கொண்டுவந்து ஒட்டுகிற வேலையும் வேறு வேறு. உங்களிடம் காட்டப்பட்டது இரண்டாவது.

ஆத்தங்குடிக் கல் எனக்கும் பிடிக்கும். கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிப் பூ எழுப்புகிறதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அது செட்டிநாட்டு வீட்டோடு பிறந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் வியாபாரம் செய்து பொருள் கொண்டுவந்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. உங்கள் கொள்ளுத்தாத்தா நெல்லை நம்பி வீடு கட்டியவர். அவருடைய கூடத்தில் அநேகமாகக் காவி போட்ட சிவப்புத் தரை இருக்கும். பூ இல்லை, கண்ணாடி இல்லை. காவிரிப் படுகை வீட்டின் லட்சணமே அந்தச் சிக்கனம்தான். அதன் மேல் பூக்கல்லைப் பரப்பினால் அது ரிசார்ட் ஆகிவிடும். தரையில் வெடிப்பு இருந்தால் அந்த இடத்தை மட்டும் காவி போட்டு அடையுங்கள். நிறம் ஒட்டாது, திட்டு தெரியும். தெரியட்டுமே.

தூண் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணும் நிலையும் கதவும் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டை இடித்ததால் அங்கே வந்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அதனால் அந்தத் தெருவில் வியாபாரம் படுத்துவிட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் வீட்டைப் பிரித்து இன்னொருவர் வீட்டைப் 'பாரம்பரியம்' ஆக்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. உங்கள் தாழ்வாரத்தில் ஏற்கெனவே தூண் நிற்கிறதே. அடி உளுத்திருந்தால் உளுத்த மட்டும் அறுத்து, அதே மரத்தில் ஒட்டுப் போட நல்ல ஆசாரியால் முடியும். முழுத் தூணையும் மாற்றலாம் என்பவர், பெரும்பாலும் ஒட்டுப் போடத் தெரியாதவர்.

பூச்சை உரித்துச் செங்கல் காட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இதற்கு ஒரு பழைய சண்டையே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர்கள், காலத்தால் சேர்ந்ததையெல்லாம் சுரண்டி, தாங்கள் கற்பனை செய்த ஒரு 'மூல'த்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து 1877-ல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் ஒரு சங்கம் ஆரம்பித்தார். சுரண்டலுக்கு எதிரான சங்கம் என்றே அதற்குச் செல்லப்பெயர். புதுப்பிக்காதே, நாள்தோறும் கவனித்துக் காப்பாற்று என்பது அவர்கள் கட்சி. உங்கள் விஷயத்தில் இது வெறும் ரசனைச் சண்டையும் இல்லை. அந்தக் காலத்துச் சூளைச் செங்கல் மிருது. மேலே பூச்சு வரும் என்று தெரிந்தே வைத்துக் கட்டியது. உரித்துவிட்டால் சாரல் நேராக அதன் மேல் அடிக்கும். நாளடைவில் கையால் தேய்த்தாலே உதிரும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் கூரை. கூரை முடிகிற வரை வேறு எதையும் தொடாதீர்கள், பெயின்ட் டப்பாவைக்கூட.

ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மங்களூர் ஓடு என்றால் அடியில் கம்பெனிப் பெயர் அச்சில் பதிந்திருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பணி அமைப்பினர் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிறகு பல ஆலைகள் வந்தன. ஒரு ஆலை ஓடு இன்னொரு ஆலை ஓட்டோடு சரியாகக் கவ்வாது. மேலே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இடுக்கில் சொட்டும். அதனால் அதே அச்சுள்ள பழைய ஓடாகத் தேடுங்கள். வீடு இடிக்கிற இடங்களில் கிடைக்கும். கிடைத்த பழைய ஓட்டையெல்லாம் தெருவிலிருந்து தெரிகிற முன்பக்கச் சரிவில் சேர்த்துவிட்டு, புது ஓட்டைக் கொல்லைப்பக்கம் போடலாம்.

முற்றத்தின் நாலு மூலையிலும் இரண்டு சரிவு சந்திக்கிற கூடுவாய் இருக்கும். இந்த மாதிரி வீடு செத்துப்போவது பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான். அங்கே பதித்த தகரம் துருப்பிடித்து ஓட்டையாகும். தண்ணீர் நேராக, ஓட்டைத் தாங்குகிற சாய்ந்த மரமான மூலைக் கைமரத்தில் இறங்கும். அதன் கீழே உத்திரம், உத்திரத்தின் கீழே தூண். உங்கள் தாழ்வாரம் ஒரு பக்கம் இறங்கியது இப்படித்தான் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். ஏணி போட்டு ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி இருக்கும் மரம் நுனியில் ரொட்டியாகியிருக்கும். கரையானும் ஈரமும் முதலில் பிடிக்கிற இடம் அது. கைமரத்தில் உளுத்ததை மட்டும் மாற்றுங்கள். அப்புறம், விளிம்பிலும் முகட்டுக்குப் பக்கத்திலும் உள்ள ஓடுகளை, அவை உட்கார்ந்திருக்கிற ரீப்பர் சட்டத்தோடு கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். புயலில் முதலில் கிளம்புவது அவைதான்.

அடுத்தது ஓதம். அப்பா சிமெண்ட் பூசியதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தலைமுறையில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். உப்பின இடத்தில் சுத்தியல் காம்பால் தட்டுங்கள், பொக்கையாகச் சத்தம் வரும். ஒரு பத்தையைப் பெயர்த்தால் சிமெண்ட் உறுதியாகத் தட்டையாகக் கையோடு வரும். அதன் முதுகில் செங்கல்லின் தோல் ஒட்டியிருக்கும். உள்ளே சிவப்புப் பொடி கொட்டும், அதன் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். பூச்சு பிழைத்துக் கல் செத்திருக்கும்.

காரணம் எளிது. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் எங்காவது வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்புக் காரை அதை விடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி மேலே ஏறுகிறது, அதில் கரைந்த உப்பு செங்கல்லுக்குள் உறைந்து கல்லை உடைக்கிறது. இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி நிலைபெற்றதே 1914-ல் போர்பந்தரில் ஆலை வந்த பிறகுதான். 1920களில் மன்னார்குடிக் கிராமத்து வீடு என்றால் உங்கள் சுவர் சுண்ணாம்பில்தான் எழுந்திருக்கும். அதற்குச் சுண்ணாம்பே மருந்து. சிமெண்டை உரித்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிடுங்கள். பிறகு பூசுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ் பக்கமும் போகாதீர்கள். தரையை மூடினால் அந்த ஈரமும் சுவரைத்தான் தேடும்.

பூசுவதற்கு முன் தெருவில் இறங்கி நின்று ஒரு தடவை வீட்டைப் பாருங்கள். சிமெண்ட் ரோடு மேல் ரோடு போட்டு ஏற்றியிருப்பார்கள். முன்னே மூன்று படி ஏறிய திண்ணைக்கு இப்போது ஒரு படி இருந்தால் அதிகம். தெருத் தண்ணீர் உங்கள் அடித்தளத்தில் நிற்கிறது என்று அர்த்தம். சுவரை ஒட்டிச் சேர்ந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீருக்கு வழி விடாமல் எந்தப் பூச்சு பூசினாலும் வீண். கொல்லையில் குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள்.

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் பக்கம் கோயிலுக்கா பஞ்சம்? திருப்பணி நடக்கிற கோயிலில் போய் நின்றால் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைப்பார். கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று யூடியூபில் ஒரு மாயமாகவே ஆக்கிவிட்டார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் உண்மைதான், சேர்க்கட்டும். முட்டையெல்லாம் செட்டிநாட்டில் கண்ணாடி மாதிரி இழைக்கிற கடைசிப் பூச்சுக்கு. உங்களுக்கு வேண்டாம். நன்றாக நீற்றிப் பல நாள் ஊறிய சுண்ணாம்பு, உப்பில்லாத மணல், உப்பில்லாத தண்ணீர், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கு. இவ்வளவுதான் வித்தை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் கல்லாகும், அவசரப்படுத்த முடியாது. "சீக்கிரம் இறுக ஒரு சட்டி சிமெண்ட் போட்டுக்கலாம் சார்" என்று யாராவது சொல்வார். அந்த ஒரு சட்டிக்காகக் கூடவே நிற்க வேண்டியிருக்கும்.

அரசங்கன்றை மேலே மேலே ஒடிப்பது அதற்கு உரம் போடுவது மாதிரி. வேர் சுவருக்குள் தடிக்கும். பிடுங்கவும் கூடாது, கல்லோடு வரும். அறுத்த உடனே வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு எடுத்து, பொந்தில் சுண்ணாம்புக் கலவையை ஊற்றி அடைக்க வேண்டும். பெருங்காயம் வைப்பார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

முற்றத்துக் கண்ணாடி பற்றி உங்கள் வீட்டாரோடு சண்டை போட வேண்டாம். குரங்கு, திருடன், சாரல் மூன்றும் நிஜமான பயம்தான். ஆனால் மூடினால் கூடத்துச் சூடு மேலே போக வழியில்லை, அப்புறம் ஏசி இல்லாமல் உட்கார முடியாது. இரும்புக் கிராதி போடுங்கள், போதும். கட்டாயம் மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கூரைக்கு மேலே இரண்டு அடி தூக்கி, நாலு பக்கமும் காற்றுக்கு விட்டு, கழற்றக்கூடிய விதத்தில் போடுங்கள். கழிப்பறையைக் கொல்லைப்பக்கம் தனியாக, புதுசாகவே கட்டுங்கள், அதில் பழமை வேண்டாம். மின்கம்பிக்குச் சுவரை வெட்டாமல் மேலேயே பைப் ஓட்டுங்கள்.

மாதிரி பார்க்க வேண்டுமென்றால், பழைய வீடுகளைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்திருக்கிற முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போகலாம். அதைவிடப் புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் போங்கள். தனி வீடாக அல்லாமல் ஒரு தெருவின் முகப்பையே சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. காட்சிப்பொருளாக இல்லாமல் குடியிருக்கிற வீட்டு முகப்பு எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும்.

என்ஜினியர் சொன்ன கணக்கைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் முடிக்க நினைத்தால் அவர் சொல்வது கிட்டத்தட்ட சரியாகக்கூட இருக்கலாம். புது வீட்டுக்குப் பணம் மொத்தமாக வேண்டும். பழைய வீடு தவணைக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஐப்பசிக்குள் கூரை, அடுத்த கோடையில் சுவர், மற்றதெல்லாம் கையில் இருக்கிறபோது. நடுவில் வருகிற ஒரு மழைக்காலத்தை நீங்கள் உள்ளே இருந்து பாருங்கள். எங்கே சொட்டுகிறது, எங்கே காற்று வருகிறது, எந்த அறை தேவையே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. "நீ என்ன வேணா பண்ணிக்கோ" என்பது வீடு விழுந்துகொண்டிருக்கிறபோது சொல்கிற வார்த்தை. நிமிர்ந்த பிறகு எல்லோருக்கும் பங்கு ஞாபகம் வரும், வருவது தப்பும் இல்லை. பாகப்பிரிவினையோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமோ, எதுவானாலும் பதிவு செய்து கையில் வாங்கிய பிறகு பெரிய செலவில் இறங்குங்கள். அது இழுக்கிற வரைக்கும் அந்த நாலு கூடுவாய்க்கு மட்டும் புதுத் தகரம் அடித்து, பறந்த ஓட்டைப் போட்டுவிடுங்கள். அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.

அன்புடன்.