நெஞ்சுக்குள் ஒரு பம்ப் – கடிதம்

வணக்கம் ஐயா,

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பம்ப் பராமரிப்பு என் வேலை. என் தாய்மாமனுக்கு இதயம் ரொம்பவே பலவீனமாகிவிட்டது. எக்கோவில் இ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 20 சதவீதம் என்கிறார்கள். மாற்று இதயம் கிடைக்கும்வரை நெஞ்சில் பம்ப் வைக்கலாம், செலவு கோடியைத் தொடும் என்று சென்னையில் சொன்னார்கள். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தள்ளுகிற பம்ப்தானே ஐயா? இதை நம் நாட்டில் செய்ய முடியாதா?

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

1982-ல் அமெரிக்காவில் பார்னி கிளார்க் என்பவருக்கு ஜார்விக்-7 செயற்கை இதயம் வைத்தார்கள். அதை ஓட்டும் காற்றழுத்த இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. அதோடு அவர் 112 நாள் வாழ்ந்தார். இதயத்தை எடுக்காமல் இடது கீழறைக்குத் துணையாக வைக்கும் பம்ப்தான் பிறகு அதிகம் பேருக்குக் கைகொடுத்தது. முதலில் வந்த துணைப் பம்புகளும் இதயத்தைப் போலவே துடித்தன. வால்வும் சவ்வும் தேய்ந்து போயின. துடிப்பே வேண்டாம், ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று துணிந்த பிறகுதான் கருவி சிறியதானது. எகிப்தில் ஆர்க்கிமிடீஸ் திருகால் தண்ணீர் இறைப்பதைப் பார்த்த ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற மருத்துவர் அதே முறையில் செய்த ஹீமோபம்ப், 1988-ல் நோயாளிக்குப் பயன்பட்டது.

ரத்தம் நீங்கள் கையாளும் எந்தத் திரவத்தையும்விடப் பொல்லாதது. வேகமாக அரைத்தால் சிவப்பணு உடையும். இடுக்கில் தேங்கினால் உறையும். பேரிங் சூடானாலும் உறையும். ஆலையில் அமிலம் கசியாமல் இருக்க, சீல் இல்லாத காந்த பம்ப் வைத்திருப்பீர்கள். இப்போது அதிகம் வைக்கப்படும் ஹார்ட்மேட் 3 அதையும் தாண்டிப் போய்விட்டது. அதன் சுழலும் பகுதியான ரோட்டர் எதையும் தொடாமல் காந்தப் புலத்தில் மிதந்தபடி சுற்றுகிறது, பேரிங்கே கிடையாது. உள்ளே ரத்தம் தேங்காமல் இருக்க இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. பெரிய ஆய்வு ஒன்றில் இதை வைத்துக்கொண்டவர்களில் 58 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள்.

ஆக, சுற்றும் பகுதியில் பாதிக் கிணறு எப்போதோ தாண்டியாகிவிட்டது. என் கவலை எல்லாம் பம்புக்கு மின்சாரம் கொண்டுபோக, வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒயரைப் பற்றித்தான்.

பம்ப் வைத்துக்கொண்ட ஒருவரை அவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி தட்டுப்படவில்லை. ஆனால் மனிதர் என்னோடு காபி குடித்துக்கொண்டு பேசுகிறார். இடுப்பில் பம்பைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், இரண்டு தோளிலும் பேட்டரி. அவர் மனைவி முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒயர் தோலைவிட்டு வெளிவரும் இடத்தை வட்டமாகத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினார். ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் பட்டாலும் சீழ் பிடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அதற்கு விடாமல் ஐ.என்.ஆர். எனும் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனை. சில்வர் பீச்சில் காலை நனைக்கலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது.

அப்புறம் மின்சாரம். ஒரு ஜோடி பேட்டரி 17 மணி நேரம்வரை தாங்கும், இரவில் சுவர் பிளக்கில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். அந்தப் பம்பில் ரத்தம் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு கிடையாது. நின்றுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மகாதமனியிலிருந்து ரத்தம் அதன் வழியாகவே பின்னோக்கி இறங்கும். 2011 டிசம்பர் 30-ல் வந்த ‘தானே’ புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் எத்தனை ஊர் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது! 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் இங்கே புதுச்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர். அந்த ராத்திரி பேட்டரிக்கு எங்கே போவது?

அதனால் நம் பொறியாளர்கள் இந்த ஒயரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. தோலைத் துளைக்காமல் மின்சாரம் அனுப்புவது கனவில்லை. 2001-ல் அபியோகார் என்ற செயற்கை இதயத்தில் செய்து காட்டினார்கள். அதை நம் வெக்கைக்கும் புயலுக்கும் தாங்குகிற மாதிரி, சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையில் செய்தால் அதுதான் பெரிய காரியம்.

நம்மவர்களுக்குப் பொறுமை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானின் குழு செய்த இதய வால்வில் முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவது 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்தச் சித்ரா வால்வு இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் ஹிருதயந்திரா என்ற பெயரில் இதய பம்புக்கான வேலை நடக்கிறது. அதில் உங்களைப் போல பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லரைக் கையால் கழற்றி மாட்டியவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

சரி, மாமா விஷயம். இந்தப் பம்ப் இடது கீழறைக்குத்தான் உதவும். வலது கீழறை எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள், அதுவும் தளர்ந்திருந்தால் கணக்கே வேறு. மாற்று இதயத்துக்கு, தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பெயர் பதிவாகிவிட்டதா என்றும் விசாரியுங்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.